வீட்டை வாங்கி, புதுப்பித்து, உடனே விற்பது சிங்கப்பூரில் நடக்குமா?

கேட்டவர் சொன்னது இதுதான். வயது 34, சிங்கப்பூரர், மனைவியும் ஒரு குழந்தையும் உண்டு. செங்காங்கில் நாலறை வீவக வீடு, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அரசாங்க வீடு, ஐந்து வருடக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம், அதாவது எம்ஓபி, இப்போதுதான் முடிந்திருக்கிறது. வீட்டுக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கையில் 120,000 வெள்ளி ரொக்கம். அமெரிக்கக்காரர்கள் பாழடைந்த வீட்டை வாங்கி ஆறு மாதத்தில் பளபளவென்று ஆக்கி விற்கிற வீடியோக்களை நிறையப் பார்த்திருக்கிறார். இருக்கிற வீட்டை வைத்துக்கொண்டே இன்னொரு பழைய வீட்டை வாங்கி அதே மாதிரி செய்யலாமா, எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்.

வீட்டு ஏஜெண்டாகப் பல வருடம் ஓடியவன் என்கிற முறையில் நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்தில் வாங்கி விற்கிற வேலை இங்கே குடியிருப்பு வீடுகளில் ஓடாது. ஓடக்கூடாது என்றுதான் வரியே போட்டிருக்கிறார்கள். ஆனால் பார்த்து வாங்கத் தெரிந்து, அளவாகப் புதுப்பிக்கத் தெரிந்தவர்கள் இங்கேயும் காசு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது வருடக்கணக்கில் ஆகிற காரியம், பெரும்பாலும் தாங்கள் குடியிருக்கிற ஒரே வீட்டில்.

அந்த வீடியோக்களில் 70 விழுக்காடு என்று ஒரு விதி அடிக்கடி வரும், கவனித்திருப்பீர்கள். பழுது பார்த்த பிறகு வீடு என்ன விலைக்குப் போகுமோ அதில் 70 விழுக்காட்டை எடுத்து, அதிலிருந்து பழுதுச் செலவைக் கழித்தால் வருவதுதான் வாங்க வேண்டிய உச்ச விலை. இங்கே அந்த விலைக்கு உங்களுக்கு யார் விற்பார்கள்? பக்கத்து புளோக்கில் பத்தாவது மாடி நாலறை வீடு எந்த மாதம் என்ன விலைக்குப் போனது என்பதை வீவக இணையத்தளத்தில் எந்தத் தாத்தாவும் பார்த்துக்கொள்ளலாம். தனியார் வீட்டுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் தளத்தில் அதே தகவல் கிடைக்கிறது. விவரம் தெரியாமல் மலிவாக விற்கிற உரிமையாளர் அபூர்வம். வங்கி ஏலத்துக்கு வருகிற வீடுகளும் உண்டு, ஆனால் ‘இருக்கிற நிலையில் எடுத்துக்கொள்’ என்று விற்பார்கள், எல்லோருக்கும் அந்த விலை தெரியும் என்பதால் பெரிய தள்ளுபடியும் இருக்காது.

சரி, உங்கள் திட்டத்துக்கே வருவோம். இருக்கிற வீட்டை வைத்துக்கொண்டு இன்னொரு வீவக வீடு வாங்க முடியாது, ஒரு குடும்பத்துக்கு ஒன்றுதான். அப்படியானால் மிச்சம் தனியார் வீடு. பழைய கொண்டோ ஒன்று 12 லட்சம் வெள்ளிக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் முத்திரை வரி 32,600 வெள்ளி. இது உங்களுக்கு இரண்டாவது வீடு என்பதால், 2023 ஏப்ரல் 27 முதல் சிங்கப்பூரருக்குக் கூடுதல் முத்திரை வரி, எல்லோரும் ஏபிஎஸ்டி என்பார்களே அது, 20 விழுக்காடு. ஆக 240,000. நிரந்தரவாசியாக இருந்தால் இதே இரண்டாவது வீட்டுக்கு 30 விழுக்காடு, வெளிநாட்டவருக்கு முதல் வீட்டுக்கே 60. அப்புறம், முதல் வீட்டுக் கடன் பாக்கி இருக்கும்போது இரண்டாவது கடனாக வீட்டு மதிப்பில் 45 விழுக்காடுதான் வங்கி கொடுக்கும். மீதி 55 விழுக்காட்டில், அதாவது 660,000 வெள்ளியில், 300,000 கட்டாயம் ரொக்கமாக இருக்க வேண்டும். எல்லாம் கூட்டினால் சாவியை வாங்கும் முன்பே 932,600 வெள்ளி வேண்டும். உங்களிடம் இருப்பது 120,000. இந்தக் கதவு மூடியாகிவிட்டது, இதில் இன்னும் நேரம் செலவழிக்க வேண்டாம்.

சிலர் அடுத்ததாகக் கேட்பது: வீவக வீட்டை விற்றுவிட்டு, அந்தக் கொண்டோவையே ஒரே வீடாக வாங்கினால்? ஏபிஎஸ்டி இல்லை. கடன் 75 விழுக்காடு வரை கிடைக்கும், மாதச் சம்பளத்தில் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து 55 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்க நன்றாக இருக்கிறது. இங்கேதான் விற்பவர் முத்திரை வரி காத்திருக்கிறது.

2025 ஜூலை 4 அல்லது அதற்குப் பிறகு வாங்கிய வீட்டை ஒரு வருடத்துக்குள் விற்றால் 16 விழுக்காடு, இரண்டாம் வருடம் 12, மூன்றாம் வருடம் 8, நான்காம் வருடம் 4. அதற்கு முன் மூன்றே வருடம்தான், 12, 8, 4 என்று இருந்தது. கட்டி முடிக்காத வீட்டை வாங்கி சாவி கைக்கு வருவதற்கு முன்னாலோ வந்த கையோடோ விற்றுவிடுவது அதிகமாகிப்போனதால் ஒரு வருடத்தை நீட்டி, ஒவ்வொரு படியிலும் 4 விழுக்காட்டை ஏற்றினார்கள். முதல் தடவை வாங்குகிறவர்கள் பலருக்கு இரண்டு விஷயம் தெரிவதில்லை. ஒன்று, இந்த வரி லாபத்தின் மேல் இல்லை, விற்கிற முழு விலையின் மேல். விலை குறைவாகக் காட்டினாலும் பயனில்லை, விலை, சந்தை மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல்தான் கணக்கு. நட்டத்துக்கு விற்றாலும் கட்ட வேண்டும். இரண்டு, நாலு வருடம் என்பது சாவி வாங்கிய நாளிலிருந்து இல்லை, வாங்கும் ஒப்பந்தம் உறுதியான நாளிலிருந்து விற்கும் ஒப்பந்தம் உறுதியான நாள் வரை. சில நாள் முன்பின் ஆனாலே 4 விழுக்காடு வித்தியாசம் வரும். தேதியை வக்கீலிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 12 லட்சத்துக்கு வாங்கி, 60,000 வெள்ளிக்குப் புதுப்பித்து, ஒன்றரை வருடத்தில் 13 லட்சத்து 50 ஆயிரத்துக்கு விற்கிறீர்கள். விலை வித்தியாசம் 150,000, நல்ல ஏற்றம்தான். இரண்டாம் வருடம் என்பதால் விற்பவர் முத்திரை வரி மட்டும் 162,000. முடிந்தது கதை. இதற்கு மேல் வாங்கும்போது கட்டிய 32,600, ஏஜெண்டுக்கு வழக்கமான 2 விழுக்காடும் அதற்குப் பொருள் சேவை வரியும் சேர்ந்து 29,430, வக்கீல் செலவு இரண்டு தடவைக்கும் ஆறாயிரம் போல, 9 லட்சம் கடனுக்கு இரண்டரை விழுக்காடு வட்டி என்றாலும் ஒன்றரை வருடத்துக்கு 33,750, புதுப்பித்த 60,000. மொத்தம் 323,780 வெள்ளி செலவு, 150,000 வரவு. வங்கிக் கடனில் இரண்டு வருடக் கட்டுப்பாடு இருந்து அதற்குள் அடைத்தால் மிச்சக் கடனில் ஒன்றரை விழுக்காடு அபராதம் கேட்பது வழக்கம், அது இன்னொரு 13,500.

நாலு வருடம் தாண்டி விற்றால்? வட்டியையும் பராமரிப்புக் கட்டணத்தையும் வாடகைக்குப் பதில் என்று ஒதுக்கிவிட்டாலும், போட்ட காசு திரும்ப வரவே ஏறக்குறைய 13 லட்சத்து 28 ஆயிரத்துக்கு விற்றாக வேண்டும். அதாவது விலை பத்தரை விழுக்காட்டுக்கு மேல் ஏறினால்தான் நீங்கள் பூஜ்யத்தில் நிற்கிறீர்கள். விற்ற பிறகு எங்கே குடியிருப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. தனியார் வீட்டை விற்றவர் மானியமில்லாத மறுவிற்பனை வீவக வீடு வாங்க 15 மாதம் காத்திருக்க வேண்டும் என்று 2022 செப்டம்பர் 30இல் விதி கொண்டுவந்தார்கள். இந்த மாதிரி விதிகள் ராத்திரி அறிவித்து மறுநாள் அமலுக்கு வரும், அதனால் கையெழுத்துப் போடுகிற வாரத்தில் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சிபிஎஃப், அதாவது மத்திய சேம நிதிப் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு 200,000 வெள்ளி சிபிஎஃப்பிலிருந்து எடுத்திருந்தால், நாலு வருடம் கழித்து விற்கும்போது இரண்டரை விழுக்காடு வட்டியோடு ஏறக்குறைய 220,800 உங்கள் கணக்குக்கே திரும்பப் போக வேண்டும். அது உங்கள் பணம்தான், தொலைந்து போகவில்லை, ஆனால் கையில் ரொக்கமாக வராது. ‘இரண்டு லட்சம் லாபத்தில் விற்றேன்’ என்று காப்பிக் கடையில் சொல்கிறவரிடம், கைக்கு எவ்வளவு வந்தது என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் ஏபிஎஸ்டியிலிருந்து தப்பிக்கக் குறுக்கு வழி சொல்வார். மனைவி பேருக்கு மாற்றி உங்கள் பேரைக் காலியாக்கலாம் என்பார்கள், வீவக வீட்டில் அப்படிப் பிரிப்பதை 2016லேயே நிறுத்திவிட்டார்கள். ஒருவர் மட்டும் வாங்கி, சில நாளில் இன்னொருவருக்கு 1 விழுக்காடு பங்கை மாற்றிக் கொடுக்கிற ‘99க்கு 1’ ஏற்பாட்டைச் சொல்வார்கள், உள்நாட்டு வருவாய் ஆணையம் அவற்றைத் தோண்டி எடுத்து, கட்டாமல் விட்ட வரியோடு அதில் பாதியைக் கூடுதலாகவும் வசூலிக்கிறது. பிள்ளை பேரில் அறக்கட்டளையாக வாங்கலாம் என்பார்கள், அதற்கு முன்பணமாக 65 விழுக்காடு வரி கட்டிவிட்டுத்தான் திரும்பக் கேட்க முடியும், வங்கிக் கடனும் கிடைக்காது. கோடீஸ்வரர்கள் செய்யட்டும்.

இனி நடக்கிற வழி. உங்கள் வீட்டை விற்று, நல்ல இடத்தில் பழைய மறுவிற்பனை வீவக வீடு ஒன்றை வாங்கி, புதுப்பித்து, குடியிருந்து, ஐந்து வருடம் கழித்து விற்பது. எம்ஓபி ஐந்து வருடம் என்பதால் விற்பவர் முத்திரை வரி தானாகவே தொலைகிறது. நல்ல இடங்களில் வீவக கட்டுகிற பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்குப் பத்து வருடம், அவற்றைத் தொடாதீர்கள். இதில் லாபம் வாங்குகிற அன்றைக்கே பாதி தீர்மானமாகிவிடுகிறது, எப்படி என்று சொல்கிறேன்.

நம் ஆட்கள் முதலில் பார்க்க வேண்டியது இன ஒதுக்கீடு, அதாவது ஒரு புளோக்கிலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை விழுக்காடு வரை வீடு வைத்திருக்கலாம் என்ற வரம்பு. 1989 முதல் இருக்கிற விதி, எல்லோருக்கும் தெரியும், ஆனால் விற்கும்போது அது எப்படிக் கடிக்கும் என்பதை யோசிப்பவர் குறைவு. ஒரு புளோக்கில் சீனர் விகிதம் 87 விழுக்காட்டைத் தொட்டுவிட்டால், அங்கே சீனர் ஒருவர் இன்னொரு சீனரிடமிருந்துதான் வாங்கலாம். அங்கே நீங்கள் இந்தியர் என்ற முறையில் விற்க வந்தால் சந்தையின் பெரும்பகுதி உங்கள் வீட்டு வாசலுக்கே வராது. எவ்வளவு அழகாக டைல்ஸ் போட்டிருந்தாலும் சரி, வருகிற நாலு பேர் கேட்கிற விலைதான். மறுபக்கம், இந்தியர் மற்றும் இதர இனத்தவர் வரம்பு புளோக்குக்கு 15, வட்டாரத்துக்கு 12 விழுக்காடு. அது நிறைந்த இடத்தில் நீங்கள் இன்னொரு இந்தியரிடம்தான் வாங்க முடியும், அவரும் அது தெரிந்து விலை சொல்வார். ஒதுக்கீட்டு நிலவரத்தை வீவக தளத்தில் புளோக் எண் போட்டுப் பார்க்கலாம், மாதத்தின் முதல் தேதி புதுப்பிப்பார்கள். வீட்டைப் போய்ப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள், பிடித்துப்போன பிறகு பார்த்தால் மனசு கேட்காது.

அடுத்தது குத்தகைக் காலம், அதாவது வீடு இன்னும் எத்தனை வருடம் உரிமையாளரிடம் இருக்கும் என்பது. உங்கள் வயதுக்கு மட்டும் கணக்குப் போடாதீர்கள், உங்களிடம் வாங்கப்போகிறவரின் வயதுக்கும் போடுங்கள். வாங்குபவருக்கு 95 வயது ஆகும் வரை குத்தகை மிச்சம் இருந்தால்தான் அவர் சிபிஎஃப்பை முழுதாகப் பயன்படுத்த முடியும், வீவக கடனும் முழுதாகக் கிடைக்கும். நீங்கள் 65 வருடம் மிச்சமுள்ள வீட்டை வாங்கி ஐந்து வருடம் கழித்து விற்றால் மிச்சம் 60. அன்றைக்கு 35 வயதுக்காரருக்குச் சரியாக இருக்கும், கல்யாணம் ஆன 29 வயது ஜோடிக்குக் கடனும் சிபிஎஃப்பும் குறையும், அவர்கள் பக்கத்தில் புதிய புளோக்கைப் பார்க்கப் போய்விடுவார்கள். தோ பாயோ, குவீன்ஸ்டவுன் பக்கம் எழுபதுகளில் கட்டிய வீடு விலை மலிவாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். தாத்தா பாட்டி வாங்கலாம், ஐந்து வருடத்தில் விற்க நினைக்கிறவர் வாங்கக்கூடாது.

வீட்டைப் பார்க்கப் போகும்போது கையில் டார்ச்சும் ஒரு நாணயமும் போதும். ஹாலைப் பார்க்காதீர்கள், ஹாலைச் சுத்தமாக வைத்துத்தான் காட்டுவார்கள். நேராகக் குளியலறைக்குப் போய் மேலே டார்ச் அடியுங்கள். பெயிண்ட் உப்பியிருந்தால், பழுப்பு வளையம் தெரிந்தால் மேல்வீட்டிலிருந்து தண்ணீர் இறங்குகிறது. காரை பெயர்ந்து துருக்கம்பி தெரிந்தால் அது வேறு வேலை. மேல்வீட்டு ஒழுகலைச் சரிசெய்ய மேல்வீட்டுக்காரர் கதவைத் திறந்து இடம் கொடுக்க வேண்டும், காசு விஷயத்தில் வீவக பாதி தந்து மீதியை இரண்டு வீடும் பிரித்துக்கொள்கிற ஏற்பாடு இருக்கிறது, ஆனால் மேலே இருப்பவர் மாதக்கணக்கில் இழுத்தால் உங்கள் புது சீலிங் வீண். அப்புறம் தரை டைல்ஸை நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள், ‘டொக் டொக்’ என்று வெற்றுச் சத்தம் நிறைய இடத்தில் கேட்டால் மொத்தமாகப் பெயர்த்தெடுக்க வேண்டி வரும். மின்சாரப் பெட்டியைத் திறந்து பாருங்கள், பழைய ஒயரிங்கை முழுதாக மாற்றுவதற்கும் குழாய் மாற்றுவதற்கும் ஆகிற செலவை யாரும் கண்ணால் பார்க்க மாட்டார்கள், ஆனால் பில் வரும்.

புளோக்குக்கு வீட்டு மேம்பாட்டுத் திட்டம் வந்துவிட்டதா, வரப்போகிறதா என்றும் கேளுங்கள். 1997 வரை கட்டிய புளோக்குகளுக்கு அது உண்டு. அதில் கழிவுக் குழாய், பெயர்ந்த காரை போன்ற அத்தியாவசிய வேலையைச் சிங்கப்பூரருக்கு இலவசமாகவே செய்கிறார்கள், குளியலறை புதுப்பிக்க நாம் கட்டுவது 5 முதல் 12.5 விழுக்காடுதான். அடுத்த வருடம் அது வரப்போகிற புளோக்கில் இந்த வருடம் சொந்தக் காசில் குளியலறையை உடைப்பது அநியாயம்.

இப்போது முக்கியமான இடம். புதுப்பித்த காசு எப்படித் திரும்ப வருகிறது? 2014 மார்ச் முதல் விலை பேசி முடித்து, விற்பவர் ஆப்ஷன், அதாவது அந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமைப் பத்திரம், கொடுத்த பிறகுதான் வீவகவிடம் மதிப்பீடு கேட்க முடியும். மதிப்பீடு பெரும்பாலும் சுற்றுவட்டார விற்பனை விலை, மாடி, அளவு, மிச்சக் குத்தகை இவற்றை வைத்து வருகிறது, உங்கள் இத்தாலிய சமையலறையை வைத்து வருவதில்லை. மதிப்பீட்டுக்கு மேல் எவ்வளவு பேசினீர்களோ அதை வாங்குபவர் ரொக்கமாகத்தான் தர வேண்டும், கடனும் கிடையாது, சிபிஎஃப்பும் கிடையாது. ஆக நீங்கள் அலமாரிக்கும் பொய்க் கூரைக்கும் 80,000 போட்டீர்கள் என்றால், அது திரும்ப வர வாங்குபவர் கையில் ரொக்கம் இருக்க வேண்டும், அவருக்கும் உங்கள் ரசனையே இருக்க வேண்டும். என் அனுபவத்தில் வெள்ளைப் பெயிண்ட், ஒழுகாத நல்ல குளியலறை இரண்டு, வெளிச்சமான விளக்குகள், ஒழுங்கான தரை, இவை காசைத் திருப்பித் தருகின்றன. அறைச் சுவரை இடித்து ஹாலைப் பெரிதாக்கினால் நாலறை வீடு தேடி வருகிற குடும்பம் படுக்கையறையை எண்ணிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடும். பூஜை அறைக்கு நிரந்தர மேடை கட்டுவதும் அப்படித்தான், கழற்றி எடுக்கிற மாதிரி செய்துகொள்ளுங்கள்.

வேலை ஆரம்பிக்கும் முன், புதுப்பிக்கிறவர் வீவக பட்டியலில் உள்ள ஒப்பந்தக்காரரா என்று பாருங்கள், அனுமதி வாங்காமல் சுவரைத் தொடவே கூடாது, வீட்டுக் காப்பறை, அதாவது ஆபத்துக் காலத்தில் பதுங்குவதற்காகக் கட்டிய அறை, அதன் சுவரை எந்த அனுமதியோடும் தொட முடியாது. உடைக்கிற, துளைக்கிற சத்தமான வேலை வாரநாளில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும். அதனால் ‘இரண்டு வாரத்தில் முடித்துத் தருகிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அடுத்தவரிடம் போங்கள்.

வரி விஷயத்தில் ஒன்று. சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி இல்லை, உண்மைதான். ஆனால் அடிக்கடி வாங்கி அடிக்கடி விற்றால் அது வியாபாரம் என்று வருவாய் ஆணையம் முடிவு செய்யலாம், அப்போது லாபம் வருமானமாகக் கணக்கில் வரும். எத்தனை தடவை, எவ்வளவு காலம், ஏன் விற்றீர்கள், வைத்திருக்க வசதி இருந்ததா என்றெல்லாம் பார்ப்பார்கள்.

குடியிருப்பு வீட்டுக்கு இவ்வளவு வரி என்றால் கடை வாங்கலாமே என்று தோன்றும். வணிகச் சொத்துக்கு ஏபிஎஸ்டியும் விற்பவர் முத்திரை வரியும் இல்லைதான், ஆனால் சிபிஎஃப் பயன்படாது, விற்பவர் பதிவு பெற்றவராக இருந்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரி விலையின் மேல் ஏறும், அப்புறம் கூட்டமில்லாத பேரங்காடியில் மூன்றாம் மாடிச் சின்னக் கடையை உங்களிடமிருந்து யார் வாங்குவார்கள்? தொழிற்சாலைக் கட்டடத்துக்கு மூன்று வருடத்துக்குள் விற்றால் 15, 10, 5 விழுக்காடு தனியாக உண்டு. ஜொகூர் என்றால், வெளிநாட்டவர் ஐந்து வருடத்துக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு மலேசிய வரி. தமிழ்நாட்டில் பதிவுக்கே சுமார் 9 விழுக்காடு போய்விடும், விவசாய நிலமும் நம்மால் வாங்க முடியாது, இங்கிருந்துகொண்டு அங்கே கொத்தனாரை மேய்ப்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

ஹோட்டல் மண்டபத்தில் ‘முதலே இல்லாமல் மூன்று வீடு’ என்று வகுப்பு எடுக்கிறார்களே, அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடியுங்கள். அவர்கள் காட்டுகிற விற்பனை விவரமெல்லாம் மேலே சொன்ன தளங்களில் இலவசம். ஏஜெண்டு வைத்தால் சொத்து முகவர் மன்றத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் ஒரே ஆள் வேலை செய்யச் சட்டம் இடம் கொடுக்காது.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிபிஎஃப் தளத்தில் நுழைந்து, செங்காங் வீட்டை விற்றால் வட்டியோடு எவ்வளவு திருப்பிச் செலுத்த வேண்டும் என்று பாருங்கள், கடன் பாக்கியையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் புளோக்கில் கடைசியாகப் போன விலையிலிருந்து இரண்டையும் கழித்தால் கைக்கு வருகிற ரொக்கம் தெரியும். அதையும் அந்த 120,000 வெள்ளியையும், சிபிஎஃப்புக்குத் திரும்பிய தொகையையும் சேர்த்துப் பார்த்த பிறகு எந்த வட்டாரம், எத்தனை அறை என்று யோசிக்கலாம். அந்த எண்களோடு வாருங்கள், மேலே பேசுவோம்.